குப்பை ஃபோல்டரும் ஆறு மணியும்

ஜூன் 9, திங்கள்
இருநூற்றுப் பன்னிரண்டு பேருடைய மின்னஞ்சல்களும் பழைய சர்வரிலிருந்து என் புது லினக்ஸ் சர்வருக்கு வர வேண்டும். வெள்ளி மாலை ஆறு மணிக்குப் பழையதை அணைத்து அழித்துவிடுவார்கள். "முடியுமா?" என்றார் மேலாளர். இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா?

ஜூன் 10
பழைய சர்வர் லினக்ஸைக் கிட்டவே சேர்க்கவில்லை. பெயர் சரி, கடவுச்சொல்லும் சரி. கடைசியில் பார்த்தால், யாரை உள்ளே விடலாம் என்ற ஃபயர்வாலின் பட்டியலில் என் சர்வரே இல்லை. சேர்த்தேன். மதியத்துக்குள் இரண்டும் சம்பந்திகள் மாதிரி பேசிக்கொண்டன.

வீட்டுக்கு வந்தும் லேப்டாப்பிடம் "வாடா கண்ணு, வா" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். "என்னை ஒருநாளாவது இப்படிக் கூப்பிட்டிருக்கியாம்மா?" என்கிறாள் மகள்.

ஜூன் 12
வேகம் போதவில்லை. எல்லோருடைய குப்பை ஃபோல்டரையும் விட்டுவிட்டேன். வீடு மாறும்போது குப்பையையுமா வண்டியில் ஏற்றுவார்கள்? அதில் ஒன்பது மணி நேரம் மிச்சமானது.

ஜூன் 13, வெள்ளி
மூன்று மணிக்கே முடிந்தது. ஃபயர்வாலில் திறந்த வழியையும் அடைத்துவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

நாலரைக்கு எங்கள் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவு அக்கா வந்தார். மார்ச்சில் இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல்களை இழந்தவர். திங்கட்கிழமை விசாரணை. இயந்திரத்தின் தடுப்பு உடைந்திருந்தது தெரியவே தெரியாது என்கிறது நிர்வாகம். ஆனால் அக்கா விபத்துக்கு ஒரு வாரம் முன்பே மேலாளருக்கு அதைப் பற்றி மின்னஞ்சல் எழுதியிருக்கிறார். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று மேலாளரே பதில் போட்டிருக்கிறார்.

"அந்த லெட்டரைக் காணோம்மா. படிச்சதை எல்லாம் குப்பைலதான் போட்டு வைப்பேன். ஒரே பட்டன்ல போயிடும்ல. பத்து வருஷமா அப்படித்தான்."

நான்தானே விட்டேன் — யாரைக் கேட்டு விட்டேன்?

அடைத்த வழியைத் திறந்து, லினக்ஸை மறுபடி பழைய சர்வரோடு இணைத்தேன். அக்காவின் குப்பையில் மட்டும் ஒன்பதாயிரம் கடிதங்கள். மேலாளர் வந்து பின்னால் நின்றார்.

"குப்பைதானே, விட்டுடுங்க. நீங்க செஞ்சது சரிதான்."

பாராட்டுகிறாராம். ஒரு தலையாட்டலில் என் தப்பும் மறைந்திருக்கும், அவருடையதும்.

"தப்பு என்னோடது சார். முடிச்சிட்டுத்தான் எழுந்திருப்பேன்."

ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது. அக்கா இடது கையால் தேடினார். இருந்தது. அச்செடுத்துக் கொடுத்தேன். மற்றவர்களின் குப்பைக்கு நேரமில்லை, போயிற்று.

ஜூன் 14
எல்லோருக்கும் எழுதி ஒப்புக்கொண்டேன். ஏழு பேர் திட்டினார்கள். திட்டட்டும்.

ஜூன் 24
தீர்ப்பு அக்கா பக்கம்.

மாலையில் மேலாளரிடமிருந்து எனக்கு மட்டும் ஒரு மின்னஞ்சல்: "இனி குப்பை ஃபோல்டர்கள் வாரம் ஒருமுறை தானாகக் காலியாக வேண்டும். யாருக்கும் அறிவிக்கத் தேவையில்லை."

"அவர்களைக் கேட்காமல் செய்ய மாட்டேன்" என்று பதில் எழுதினேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் நகல் போட்டு அனுப்பினேன்.