முக்கால் வயலின்

ஐப்பசி 8, வெள்ளி

இன்று முழுக்க அந்த மயிலாடுதுறை வயலின் கடைக்காரர் மேலேயேதான் எனக்குச் சந்தேகம். கயலுக்குப் பத்து வயசு. நான் கேட்டது முழு வயலின். அவர் அவளைப் பாயில் உட்கார வைத்து, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றச் சொல்லிப் பார்த்தார்.

"பாப்பாவுக்கு முக்கால் சைஸ்தாங்க சரியா இருக்கும்" என்றார்.

விற்காமல் கிடப்பதை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று தோன்றியது. ரெண்டே வருஷத்தில் இன்னொன்று வாங்க வைக்கிற யோசனை வேறு. வளர்கிற பிள்ளைக்கு யூனிஃபார்மே ஒரு சைஸ் பெரிதாகத்தானே தைக்கிறோம்?

கயலையே கேட்டேன். "விரல் எட்டுதா?"

"எட்டுதும்மா. வலிக்கவே இல்ல."

கடைக்காரர் கயலை ஒரு தடவை பார்த்துவிட்டு, பில் போட்டார். முழு வயலினோடு வந்துவிட்டோம்.

சாயங்காலம் வாசித்தாள். சுண்டுவிரல் கம்பியைத் தொடவே இல்லை. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

காலையில் பஸ்ஸில் நான்தான் சொன்னேன்: "இதோட சரி. இன்னொன்னு வேணும்னு வந்து நிக்கக் கூடாது."

பொய் சொல்கிறாரா என்று கடைக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவள் முகத்தைப் பார்க்கவில்லை.