புதிதாக வந்த பெண்ணும் உன்னையே எழுதினாள்

என் ரஞ்சி அக்காவுக்கு,

நீ போன பிறகும் ஸ்ரீராம்புரத்து மாடி அறையில் இங்கிலீஷ் டியூஷன் நடக்கிறது. நான்தான் எடுக்கிறேன். ஆனால் இந்தத் தெருவுக்கு நீதான் பெரிய மிஸ், நான் நாற்பது வயதிலும் சின்ன மிஸ். எழுதும்போதே வயிறு எரிகிறது.

ஆரம்பத்தில் நான் டென்ஸ் சொல்லிக்கொடுத்தால், பெரிய மிஸ் வேற மாதிரி சொன்னாங்க என்பார்கள் உன்னிடம் படித்த பிள்ளைகள். அவர்களுடைய அம்மாக்கள் என்னைப் பார்த்துக்கொண்டே உன்னைப் புகழ்வார்கள். செத்துப்போனவளோடு எப்படியக்கா போட்டி போடுவது? நீ இனிமேல் ஒரு தப்பும் செய்யப்போவதில்லையே.

உன் வழக்கத்தைக்கூட நான் விடவில்லை. கட்டுரை எழுதுவதற்கு முன்னால் பிள்ளைகள் அதைத் தமிழிலோ கன்னடத்திலோ உன்னிடம் வாயால் சொல்ல வேண்டும். நீ அவரைக்காய் உரித்தபடி கேட்பாய். கதை பிடித்துவிட்டால் உன் கை நின்றுவிடும். அப்புறம்தான் இங்கிலீஷில் எழுத விடுவாய். நானும் அவரைக்காயோடு உட்கார்ந்தேன். என் கை நிற்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

அந்தப் பிள்ளைகள் எல்லாம் பத்தாவது முடித்துப் போய்விட்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது என்றால் நம்புவாயா? இப்போது இருப்பவர்கள் உன்னைப் பார்த்ததே இல்லை. அதில் பவித்ரா என்று ஒரு பெண், ஆறாவது படிக்கிறாள், அழகாக எழுதுவாள். இவள் எனக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

போன வாரம், பிடித்த டீச்சரைப் பற்றி எழுதச் சொன்னேன். கொஞ்சம் ஆசையோடுதான் சொன்னேன். அவள் உன்னை எழுதினாள். முகம்கூடப் பார்க்காத உன்னை. வாசலில் கிடக்கும் செருப்புகளை நேராக்கிவிட்டு நீ உள்ளே வருவது, கோபம் வந்தால் கன்னடத்துக்குத் தாவுவது, எல்லாம் அதில் இருந்தது.

"இதெல்லாம் உனக்கு யாரும்மா சொன்னது?" என்றேன்.

அவள் முழித்தாள். "நீங்கதான் மிஸ். அவங்களைப் பத்திப் பேசாம நீங்க ஒரு நாளும் கிளாஸ் எடுத்ததே இல்லையே."

அவள் நோட்டை வாங்கினேன். பத்துக்குப் பத்து போட்டேன்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன் அக்கா. உன்னைப் பற்றிப் பேசுவதை நிறுத்த மாட்டேன். ஆனால் இனி உன் குறட்டையையும் சொல்வேன், உன் பிடிவாதத்தையும் சொல்வேன், நான் ஆசையாக எடுத்த புடவையை நீ முதலில் கட்டிக்கொண்டு போனதையும் சொல்வேன். இந்தப் பிள்ளைகளும் உன்னோடு சண்டை போடட்டும். நான் ஒருத்தியே எத்தனை நாள் போடுவது?

உன்மேல் பொறாமை தீராத தங்கை,
மல்லி