பெர்பெத்துவாவின் கதையைச் சொன்னவளுக்கு

பொத்தேரி மாணவியர் விடுதியில் நேற்று தரை துடைக்கும் திரவம் ஒரு புது கேன் திறந்தேன். எலுமிச்சை வாசனை. சிறுசேரி ஆபீஸில் நாம் வாளியில் கலக்குவோமே, அதே சரக்கு. மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்தது. நினைப்பு என்ன, கோபம்தான். நீ போய் இரண்டு வருஷம் ஆகியும் அது ஆறவில்லை.

பதினோராவது மாடிப் படிக்கட்டில் சாப்பிடும்போதுதான் நீ பெர்பெத்துவாவைப் பற்றிச் சொன்னாய். நான் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். அந்தப் பெயரே என் வாயில் நுழையவில்லை. ஆதிகாலத்தில் வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள், என்பதற்காகச் சிறையில் போடப்பட்டவள், கையில் பால்குடிக்கும் பிள்ளை, வேதக்காரி இல்லை என்று ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று அவள் அப்பாவே அழுதார் என்றாய்.

"அங்க ஒரு ஜாடி இருந்துச்சாம். 'இத வேற பேரு சொல்லி கூப்ட முடியுமா நைனா? அப்டித்தான் நானும்'னாளாம்."

ஊரே கூடி வேடிக்கை பார்க்க, அவளைக் கொல்ல ஏவிவிட்ட மாடு முட்டித் தூக்கி எறிந்ததாம். எழுந்து, கலைந்த கூந்தலை முடிந்துகொண்டு, கூட விழுந்து கிடந்த பெலிசித்தா என்ற அடிமைப் பெண்ணைக் கைகொடுத்து எழுப்பினாளாம். சொல்லும்போது உன் கண் கலங்கியது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதமே, நம்மோடு வேலை பார்த்த கலாவின் விவகாரம். ஸ்டோர் ரூமில் மேனேஜர் அந்தப் பெண்ணின் கையை முறுக்கிச் சுவரோடு நெருக்கியிருந்ததை, மாப் எடுக்கப் போன நாம் இருவரும் பார்த்தோம். கலா புகார் எழுதிக் கொடுத்தாள். ஆபீஸில் விசாரணை வைத்துச் சாட்சி கேட்டார்கள்.

"பயப்படாதடி. ரெண்டு பேரும் போயி பாத்தத சொல்லுவோம், அவ்ளோதான்" என்றாய். அந்தப் பேச்சை நம்பித்தான் வந்தேன்.

முதலில் உன்னைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் லிஃப்ட் பக்கம் போனாய். உள்ளே விசாரித்த அம்மா என்னிடம் கேட்டார்: "கூட இருந்தவங்களே எதையும் பாக்கலன்றாங்க. உங்களுக்கு மட்டும் எப்டிம்மா தெரிஞ்சுது?"

"அவ இன்னா சொன்னாளோ எனக்குத் தெரியாது மேடம். நான் பாத்தேன்" என்றேன். திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். நான் மாற்றவில்லை.

அடுத்த வாரம் கலாவுக்கும் எனக்கும் வேலை இல்லை. நீ சூப்பர்வைசர் ஆனாய். போன் அடித்தால் எடுக்கவில்லை.

நீ படுத்த படுக்கையாகிவிட்டதாகக் கேள்விப்பட்டுக் கோவளத்தில் உன் வீட்டுக்கு வந்தேன். எலும்பும் தோலுமாக இருந்தாய்.

"நானும் பாத்தேன்டி" என்றாய்.

"அத எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது? அங்க சொல்லியிருக்கணும்."

"எம் பொண்ணு படிச்சுகினு இருந்தாடி."

"எனக்கு மட்டும் புள்ளைங்க இல்லியா?"

நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் எழுந்து வந்துவிட்டேன். பத்தாம் நாள் உன் குழியில் ஒரு பிடி மண் போட்டேன். அழவில்லை.

ஒன்றுதான் இன்னும் விளங்கவில்லை. படிக்கட்டில் நீ விட்ட கண்ணீர் பொய்யில்லை. நம்பித்தான் சொன்னாய். அப்புறம் எப்படி?

விடுதியில் துப்புரவு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்கள் எதற்காவது பயந்து வாயை மூடிக்கொண்டால், இப்போது பெர்பெத்துவாவைப் பற்றி நான்தான் சொல்கிறேன். போன வாரம் ஒருத்தி கேட்டாள், "இத உனக்கு யாருக்கா சொன்னது?"

"என் ஃப்ரெண்டு."

"அவங்களும் தைரியமான ஆளா இருந்துருப்பாங்க, இல்ல?"

"ஆமா" என்றேன். உன்னை விட்டுக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை.