கைப்பம்பைப் பற்றி நான் எழுதிய பொய்

மாகறல்,
12-12-1961

சிரஞ்சீவி மைத்துனன் தாமோதரனுக்கு பஞ்சாட்சரம் எழுதிக்கொள்வது. இங்கு உன் அக்காள் எல்லம்மாளும் குழந்தைகளும் சுகம். இராயபுரத்தில் உன் சுகத்துக்கு எழுதவும். மழை போதவில்லை, கிணற்றை நம்பித்தான் பயிர் நிற்கிறது. உனக்கென்று உன் அக்காள் வேர்க்கடலை எடுத்து வைத்திருக்கிறாள்.

ஓட்டுவதற்கு முன் பேரிங்குக்கு எண்ணெய் ஏற்ற நம் கிணற்று எஞ்சினில் நீ பொருத்திய கைப்பம்பு வெறும் தண்டம், அதை அடித்தும் பேரிங் உருகிவிட்டது என்று போன கடிதத்தில் எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு உன் முதலாளி புது எஞ்சின் படகுக்குப் பம்பே வேண்டாம் என்றாராம். தை பிறந்ததும் நீதான் அந்தப் படகை ஓட்டப் போகிறாயாம். உன் பதில் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தாமோதரா, நான் எழுதியது பொய். அன்று பம்பை நான் தொடவே இல்லை.

ஆயுத பூஜைக்கு, மூன்று மாதமாகச் சும்மா கிடந்த எஞ்சினுக்குப் பொட்டு வைத்து, பம்பின் கைப்பிடியில் மாலையைச் சுற்றி, ஊரார் முன்னால் ஓட்டிக் காட்ட நின்றேன். நம் வயலில் வேலை செய்யும் ஐசக் கிட்டே வந்து, "அய்யா, ரொம்ப நாளா ஓடாம கெடக்கீது. மாலைய எடுத்துட்டு முப்பது தபா ஆயில் அடிச்சிக்கினு சுத்தலாம், பம்பு வச்ச சின்னவரு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு" என்றான். இராகுகாலம் பிறக்கப் போகிறது, சாத்திய மாலையையா எடுக்கச் சொல்கிறாய், எங்கள் பூஜையைப் பற்றி உனக்கென்னடா தெரியும் என்று அத்தனை பேர் முன்னால் அவனை அதட்டினேன். கற்பூரம் அணைவதற்குள் எஞ்சினைச் சுற்றிவிட்டேன். கால் மணி நேரம் ஓடியது. பிறகு கிறீச்சிட்டு நின்றது.

என் அவசரத்தை ஒப்புக்கொள்ள மானம் இடம் தரவில்லை. பழியைப் பம்பின் மேல் போட்டேன். புதுப் பேரிங் போட்ட பிறகு தினமும் ஐசக்தான் எண்ணெய் அடித்துவிட்டு ஓட்டுகிறான், ஒரு குறையும் இல்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

இந்தக் கடிதத்தை முதலாளிக்கு அப்படியே படித்துக் காட்டு. உன் அக்காள் புருஷன் பொய்யன் என்று அவர் சிரித்தாலும் சிரிக்கட்டும். வயலில் எஞ்சின் நின்றால் நான் நடந்து வீடு வந்து சேருவேன். நடுக்கடலில் நின்றால் நீ எப்படியப்பா வருவாய்? பம்பு பொருத்தாமல் படகில் ஏறாதே.

உன் அக்காளுக்கு இது எதுவும் தெரியாது. நீ அந்தப் படகில் போய்க் கரைக்குத் திரும்பிவிட்டதாகக் கடிதம் வருகிற அன்று நானே சொல்லிவிடுகிறேன்.

நூறு வயது இரு.

வெட்கத்துடன்,
பஞ்சாட்சரம்