ஒரே ஆணியில் இரண்டு டோக்கன்

நேற்று உன் மகள் உடையார்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து, உன் விபத்து அறிக்கையின் நகலை என் முன்னால் விரித்தாள். 'அடிட்' என்ற சொல்லின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தாள். அதற்கு என்ன பொருள் என்று கேட்டாள்.

மலைச்சரிவில் படுக்கைவாட்டில் குடைந்த சுரங்க வாசல் என்றேன். 'கிட்டே போவது, நுழைவது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்றேன். எனக்கேது லத்தீன்? வடக்கே அந்த மாங்கனீசு சுரங்கத்தில் சேர்ந்த முதல் நாள், நீதான் சர்வேயரைத் துளைத்துத் துளைத்துக் கேட்டாய். அரியலூரில் திறந்தவெளிச் சுண்ணாம்புக்கல் குழியில் வேலை பார்த்த நமக்கு, மலைக்குள் போவது புதிது. நான் பயந்தேன். நீ சிரித்தாய்.

"கிணத்துல எறங்குற மாதிரியாடா இது? வூட்டுக்குள்ள போற மாதிரி நடந்து போறோம், நடந்து வரோம்."

உள்ளே போகும்போது வாசல் பலகையில் அவரவர் டோக்கனை மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகை காலியானால்தான் கதவைப் பூட்டுவார்கள். நாம் மட்டும் ஒரே ஆணியில் மாட்டுவோம். முதலில் வருகிறவன் இரண்டையும் எடுப்பான். மற்றவன் சுரங்கத்துக்குள்ளிருந்து ஓடிவரும் தண்ணீரில் சாவகாசமாகக் கால் கழுவுவான். ஒரே ஊர்க்காரர்கள் என்ற உரிமை, வேறென்ன.

விபத்து நடந்த அன்றும் இரண்டையும் எடுத்தேன். நீ பின்னாலேயே வருகிறாய் என்று நினைத்தேன். ஜீப்பில் உன்னைக் காணாதபோது, முன்வண்டியில் சந்தைக்குப் போயிருப்பாய் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் உள்ளே இடிந்து கிடந்த கல்லைப் புரட்டியபோது உன் கையில் தூக்குச்சட்டி இருந்தது. மறந்து வைத்ததை எடுக்கத் திரும்பிப் போயிருக்கிறாய். முந்தின சாயங்காலமே தோண்டியிருந்தால் பிழைத்திருப்பாய் என்றார் டாக்டர். உன்னைத் தூக்கும்போது, என்னிடமிருந்த உன் டோக்கனை உன் சட்டைப்பையில் போட்டுவிட்டேன். பயம்தான். வேறு பெயர் வைக்க எனக்கு யோக்கியதை இல்லை.

"டோக்கன எடுத்துட்டு அப்பா திரும்ப உள்ள போனாருன்னு போட்டிருக்காங்க மாமா. அனுமதி இல்லாம போனது அவரு தப்பாம். நீங்க கூட இருந்தீங்கல்ல, அப்பா அப்படிப் பண்றவராங்க?"

"அவன் கொஞ்சம் அவசரக்காரன்மா" என்றேன்.

அவள் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். ஊரே நம்பியதை அவள் ஒருத்திதான் நம்பாமல் இருந்தாள். நேற்று நான் சொன்னதால் நம்பிவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போய் ஏற்றிவிட்டேன். அவள் நம்பர் என் போனில் இருக்கிறது. இப்போதுகூடக் கூப்பிட்டுச் சொல்லலாம். சொல்ல மாட்டேன். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.