உன்னுடைய நேர்த்தி வெடி

யாழ்ப்பாணம்
மார்கழி மாதம்

அன்பு மகள் ஜெசிதாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாரி முடியும்வரை எங்களோடு கோபம். நீயும் மருமகன் ஜெயசுதனும் குட்டிப் பேத்தியும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறோம். பேத்திக்குப் பல்லு முளைத்த படத்தை அம்மா காட்டாத ஆள் இல்லை, மீன் வாங்க வந்தவர்களுக்கும் காட்டியாயிற்று. இதை ஏன் போனில் சொல்லாமல் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் அம்மா பக்கத்தில் நின்று அழத் தொடங்குவாள், நானும் சத்தம் போடுவேன், சொல்ல வந்தது நின்றுவிடும். லீவில் ஊருக்கு வந்த எமில்ராஜ் கனடா திரும்புகிறான், அவன் கையில் இதையும் அம்மா பனங்கிழங்கு அவித்துக் காயவைத்த கொஞ்சம் புழுக்கொடியலும் கொடுத்துவிடுகிறேன். கருவாடு கொண்டுபோக மாட்டானாம், மணக்குமாம்.

விஷயம் உன் நேர்த்தி. பிள்ளை சுகமாகப் பிறந்தால் தையில் வருகிற செபஸ்தியார் திருநாளுக்கு வெடி கொளுத்துவதாக நேர்ந்தாய், காசும் அனுப்பினாய், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கோயிலுக்குப் பின்னால் ஆழமில்லாத பரவைக்கடல் ஓரத்துக் கண்டல் மரங்களில் இப்போது நாரைகள் கூடு கட்டி அடைகாக்கின்றன, திருநாள் வரக் குஞ்சுகள் இருக்கும். பிரதீபா ரீச்சர் சனிக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகளையும் தாய்தகப்பன்மாரையும் கூட்டிவந்து பறவை காட்டுகிறார், வள்ளம் ஓட்டுவது நான். கடலில் வளர்ந்த எனக்குக் கொக்குக் காட்டவோ என்று நக்கலடித்துக்கொண்டுதான் முதலில் போனேன். போன திருநாள் வெடிக்கு மறுநாள் வகுப்பு இருந்தது. முதல்நாள் வெடிச் சத்தத்துக்கு நாரைகள் எல்லாம் எழும்பிப் பறந்துவிட்டன, அவை திரும்பி வருவதற்குள் காகங்கள் இறங்கிக் குஞ்சுகளைக் கொண்டுபோய்விட்டன. ஒரு நாரை வெறுங்கூட்டில் நின்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது, மகள். முதல் பிள்ளை தவறியபோது நீ தொட்டிலைக் கழற்ற விடவில்லை என்று ஜெயசுதன் சொன்னவர். வள்ளத்தில் இருந்து அழுதேன், உப்புத் தண்ணி தெறித்தது என்று ரீச்சருக்குச் சொன்னேன்.

அதனால்தான் இந்த முறை பங்குக் கூட்டத்தில் வெடி வேண்டாம் என்று எழும்பினேன். திருநாள் வேலைகளைப் பார்க்கிற கனிசியஸ் விடுவாரா, "சிமியோன் அண்ணை, உபதேசம் ஊருக்கு மட்டுமோ, உங்கடை மகளின்ரை நேர்த்தி வெடி வெடிக்குமோ" என்று கேட்டார். சனம் முழுக்க என்னைப் பார்த்தது. அதுவும் வெடிக்காது என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தேன். வீட்டுக்கு வந்தால் அம்மா சோறு போட்டாள். பிறகு "நேர்த்தியோடை விளையாடாதேங்கோ, பேத்திக்கு ஏதும் வந்தால் ஆர் பொறுப்பு" என்று ஒரே அழுகை. அவளைப் பிழை சொல்ல மாட்டேன், அந்தப் பயம் எனக்கும் ஒரு மூலையில் இருக்கிறது. பங்குச் சுவாமியிடம் போய்க் கேட்டேன். நேர்த்தியை வேறொரு நல்ல காரியமாக மாற்றிக்கொடுக்கலாம், ஆனால் நேர்ந்தவளே மனம் ஒத்துக் கேட்க வேண்டும், தகப்பன் கேட்டால் காணாது என்றார். அந்தக் காசில் வகுப்புக்குப் பைனாகுலர் வாங்கலாம் என்பது என் எண்ணம், குஞ்சுகளை வெருட்டாமல் தூர நின்றே பார்க்கலாம். செபஸ்தியார் செவிடரில்லை, வெடி போட்டுத்தான் அவரை எழுப்ப வேண்டும் என்றில்லை. நீ ஓம் என்றால் மற்ற நேர்த்திக்காரரும் மாறுவார்கள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கனிசியஸ்கூடப் போகும்போது "நீங்கள் வெடியைக் கைவிட்டால் நானும் என்ரை வெடியைக் கைவிடுறன்" என்றுதான் சொன்னார். நீ வேண்டாம் என்றால், நேர்த்தி உன்னுடையது, என் கையாலேயே கொளுத்துவேன்.

பிள்ளையை வெளியே கொண்டுபோகும்போது காதை மூடு. நேரத்துக்குச் சாப்பிடு, பால் கொடுக்கிற உடம்பு. மாதாவும் செபஸ்தியாரும் உங்கள் மூவருக்கும் துணை நிற்கட்டும்.

முடிவை எனக்குச் சொல்லாதே, அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொல்லு. உன் வாயால் கேட்டால்தான் அவள் நித்திரை கொள்ளுவாள். மனதில் துளி பயம் இருந்தாலும் ஓம் சொல்லாதே, பிள்ளை. உன்னை நினைத்துத்தான் நான் அந்தக் கூட்டுக்காக எழும்பினேன்.

உன் அன்பு அப்பா,
சிமியோன்