சஹன் சோற்றில் எழுந்த இமயமலை

மச்சான்,

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழப் பெட்டியை உடைத்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குப் பசி வரவில்லை, புவியியல் வந்தது. பேரீச்சம்பழத்தைக் கண்டால் பூமியை நினைக்கிற இந்த வருத்தத்தை எனக்குத் தொற்றவைத்தவன் நீ.

கல்முனையில் ஒரே பள்ளிக்கூடத்தில் நாம் இருவரும் புவியியல் படிப்பித்தோம். சரியாகச் சொன்னால், படிப்பித்தது நீ. நான் உன் கொப்பியைப் பார்த்து, உன் எழுத்துப் பிழைகளையும் சேர்த்துப் பலகையில் இறக்கியவன். மலைப் பாடம் வந்தால் நீ சட்டைப் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுப்பாய். "பூமி கொதிச்சிக் கிடந்தது. ஆற ஆறச் சுருங்கிச்சு. தோலில விழுந்த சுருக்கம்தான் மலை. இப்ப ஆறி முடிஞ்சிது, இனி அசையாது" என்று சொல்லிவிட்டு, பூமியை வாயில் போட்டுக் கொட்டையைத் துப்புவாய். பிள்ளைகள் கைதட்டுவார்கள். என் வகுப்பில் நான் அதைச் செய்தபோது கொட்டை தொண்டையில் சிக்கியது. அதற்கும் கைதட்டினார்கள்.

சுருக்கக் கதையை உலகம் எப்போதோ கைவிட்டது நமக்குத் தெரியாததல்ல. புதுப் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் தட்டுகள் நகர்வது இருந்தது. "அது சோதனைக்கு வராது மச்சான், விடு" என்றவன் நான். நீயும் விட்டாய். வருஷக்கணக்காக விட்டோம்.

பிறகு, அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கடல் ஊருக்குள் வந்தது.

அகதி முகாமில் தேத்தண்ணி வரிசையில் நின்றோம். உன் பழைய மாணவன் ஒருவன், மீன்பிடிக்கிறவன், உம்மாவைக் கடலுக்குக் கொடுத்தவன், ஸலாம் சொல்லிக்கொண்டு வந்தான். "சேர், பூமி இனி அசையாதெண்டு சொல்லித் தந்தீங்களே. கடல் உள்வாங்கக்குள்ள நான் நிண்டு பாத்துக்கிட்டிருந்தன். எங்கயோ நிலம் அசைஞ்சிருக்குமெண்டு நினைக்கவே இல்ல." குற்றமாகச் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னான். நீ வரிசையை விட்டு விலகினாய்.

அன்றே முடிவெடுத்தாய். "நான் படிப்பிச்ச எல்லாருக்கிட்டயும் போய்ப் பிழையெண்டு சொல்லணும்."

"பாதிக் கல்முனை உன்ட புள்ளைகள்டா!"

"அப்ப பாதிக் கல்முனைக்கும் சொல்லுவன்."

அதற்கு நீ பிடித்த இடம் கல்யாண வீடு. சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் ஒன்றாய்ச் சாப்பிடக் குந்தினால், கடைசி ஆள் கை கழுவும்வரை மற்றவர் எழும்புவது மரியாதையில்லை. நீ பழைய மாணவர் ஐந்து பேராகப் பார்த்து நடுவில் போய்க் குந்துவாய். பாவம், அவர்களுக்கு ஓட வழியில்லை. நான் வந்து குந்தப் பார்த்தால் விரட்டுவாய்: "நீ அடுத்த சஹனுக்குப் போ. நீயும் குற்றவாளி."

அடுத்த சஹனிலிருந்து காதைக் கொடுப்பேன். "பேரீச்சம்பழத்தை மறந்திருங்க. பிறகு வந்தவங்க, கடலடிப் பள்ளத்தில வண்டல் நிறைஞ்சி, நெரிபட்டு எழும்பினதுதான் மலையெண்டாங்க. மலை உச்சியில கடல் சிப்பி கிடக்கே! ஆனா, நெரிச்சது ஆரெண்டு கேட்டாப் பதில் இல்ல. ஒருத்தர் கண்டங்களே நகருதெண்டார். வானிலை பாக்கிறவனுக்கு மலையில என்ன வேலையெண்டு சிரிச்சாங்க. அவர் கண்ணை மூடி மௌத்தாகிக் கனகாலத்துக்குப் பிறகுதான் கடலடியை அளந்து, நகர்றது உண்மையெண்டு கண்டாங்க." இவ்வளவும் சொல்லிவிட்டு, இடது கையென்றும் பாராமல், இரண்டு கையாலும் சோற்றை இரு பக்கமிருந்தும் நெருக்குவாய். "இது நாம இருக்கிற தட்டு. இது ஆசியா. முட்டிச்சா? இமயமலை! இதே தட்டுத்தான் கிழக்கால சுமாத்திராவுக்கு அடியில நுழையுது. அங்க உதறினதுதான் நமக்கு வந்த அலை."

"சேர், இமயமலையில இருந்த இறைச்சி உங்கட பக்கம் வந்திட்டுதே" என்றான் ஒருவன்.

"மலை உண்டாகினா அப்பிடித்தான். தின்னு."

நாட்டில் யுத்தம் முடிந்தபோது, இனிப்பைத் தொடவிடாத சீனி வருத்தம் உன் காலைப் பிடித்திருந்தது. முன்பு பாண்டிருப்பில் தன் மாமி வீட்டில் நின்று உன் டியூஷனுக்கு வந்த தமிழ்ப் பிள்ளை ஒருவன், சண்டையில் பாதைகள் பயமானதும் தன் ஊரான திருக்கோவிலுக்கே போய்விட்டான். "அவனுக்கு இன்னும் சொல்லல்ல" என்று என் மோட்டார்சைக்கிளில் ஏறினாய். இந்தக் காலோடு வேண்டாமென்றேன். "நீ ஓட்டு. கால் பின்னால வரும்."

அவன் வயலில் நின்றான். "சேரா! இந்தக் காலோட என்னத்துக்கு?" வரம்பில் குந்தி, சேற்றை இரு கையாலும் நெருக்கி, அவனுக்கும் இமயமலையைக் கட்டிக் காட்டினாய். அவன் மண்வெட்டியை வரம்பில் சாய்த்தான்.

"யுத்தத்தில இவ்வளவு நடந்ததுக்கும் ஒருத்தரும் வந்து பிழையெண்டு சொல்லல்ல, சேர். நீங்க ஒரு மலைக்காக வந்து சொல்றீங்க."

வாய்க்கால் தண்ணீரை அள்ளி அவனே உன் கைகளைக் கழுவிவிட்டான். திரும்பி வரும் வழியில் பகிடி விடலாமென்று பார்த்தேன். அக்கரைப்பற்று வரைக்கும் ஒன்றும் வாயில் வரவில்லை. என் வாய்க்கு அது பெரிய தூரம்.

போன வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நீ மௌத்தாகிப் போய்விட்டாய். நீ சொல்லி முடிக்காத மிச்சப் பேர் என் தலையில். அழைக்காத கல்யாணங்களுக்கும் போய்ச் சஹனில் குந்துகிறேன். "சோத்துக்கு அலையிறாரெண்டு ஊரே கதைக்குது" என்று என் வீட்டுக்காரி, உன் மதினி, ஏசுகிறாள். கதைக்கட்டும். எனக்குக் கொஞ்சம் வயிறும் வைத்துவிட்டது, அதை மறைக்க முடியாது.

நோன்பு விடுமுறைக்கு முதல் நாள் தட்டுகளைப் படிப்பித்து முடித்தேன். முன் வரிசை வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பினாள்.

"சேர், நாளைக்கு இதையும் பிழையெண்டு சொன்னா?"

"சொல்லலாம். அப்ப நான் உங்கட வீட்டுக்கு வந்து சொல்லுவன்."

"நான் பேராதனைக் கெம்பசுக்குப் போயிருந்தா?"

"அங்கயும் வருவன்."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, மச்சான். அவள் பெயரைக் கேட்டு மனதில் எழுதிக்கொண்டேன்.